ஈயம் கலவாத பச்சை

சேலம் சந்திப்பில் இறங்கியதும் நான் தேடியது தேநீரை அல்ல. இருட்டான ஒரு மூலையை. பெண்கள் காத்திருப்பு அறையின் கோடியில் ஓர் இருக்கை கிடைத்தது. பையை மடியில் வைத்து, துப்பட்டாவால் தலையோடு சேர்த்து மூடிக்கொண்டு, புற ஊதா டார்ச்சை அழுத்தினேன். கண்ணாடிக் குப்பிக்குள் பளிங்குகள் பச்சையாக ஒளிர்ந்தன. வாழைக்குருத்தை வெயிலுக்கு எதிரே பிடித்தால் தெரியுமே, அந்தப் பச்சை. அப்போதுதான் மூச்சு வந்தது.

எதிரே இருந்த பெண் தன் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. காலை நேரத்தில் ஒருத்தி முக்காடு போட்டுப் பைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

நான் யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் படிப்பிக்கிறவள். இங்கே அதை வேதியியல் என்கிறார்கள். நாங்கள் பளிங்கு என்பதை இவர்கள் படிகம் என்கிறார்கள். குப்பிக்குள் இருந்தது மாங்கனீசும் புரோமினும் சேர்ந்த பளிங்கு. ஒரு மாங்கனீசு அணு, அதைச் சுற்றி நான்கு புரோமின். அப்படிப்பட்ட ஒவ்வொரு சிறு கூட்டத்தையும் பருமனான கரிம மூலக்கூறுகள் சூழ்ந்து, பக்கத்துக் கூட்டத்தோடு ஒட்டவிடாமல் வைத்திருக்கும். தாளாகவோ சங்கிலியாகவோ தொடராமல் தனித்தனித் தீவுகளாக நிற்பதால் இவற்றைப் பரிமாணம் குறைந்தவை என்போம். ஒரு தீவு தான் வாங்கிய ஆற்றலை அடுத்த தீவுக்குக் கடத்தி வழியில் தொலைக்க முடியாது. இருந்த இடத்திலேயே ஒளியாக விட்டுவிட வேண்டியதுதான். ஈரம் பட்டால் மட்டும் கதை கெட்டுவிடும். பச்சை அணைந்து வெளிறிய ரோஜா நிறத்தில் பிசுபிசுத்துப் போகும். அதனால்தான் அந்த டார்ச்சும் முக்காடும்.

இப்படி ஒளிரும் பளிங்குகளில் பேர்போனவை ஈயம் கலந்தவை. நன்றாக ஒளிரும். ஆனால் ஈயம் உடம்புக்குள் போனால் இலேசில் வெளியே வராது. வளரும் பிள்ளைகளுக்கு அது பெரிய கேடு. ஆகவே ஈயமில்லாமல் அதே ஒளியைப் பெற உலகம் முழுக்கப் பலர் முயல்கிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. என் பளிங்கு வாங்கிய ஒளியில் எவ்வளவைத் திருப்பித் தருகிறது, எவ்வளவு நேரத்தில் அணைகிறது என்று அளக்க எங்களிடம் கருவி இல்லை. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இருந்தது. அதை இயக்கும் ஆய்வாளர் சுகன்யா எழுதிய பதில்தான் என்னைக் கடல் தாண்ட வைத்தது. தான் ஏழு மாத கர்ப்பிணி என்றும், ஈயம் உள்ள மாதிரிகளை இப்போது தொடுவதில்லை என்றும், அதனால் வரிசையில் நின்ற பலரைத் தள்ளிவைத்துவிட்டதாகவும் எழுதியிருந்தார். உங்களுடையது ஈயமில்லாதது என்பதால் எடுத்துக்கொள்கிறேன், நான் விடுப்பில் போகுமுன் வந்துவிடுங்கள் என்று முடித்திருந்தார்.

நிலையத்துக்கு வெளியே இட்லி சாப்பிட்டேன். இலையில் சட்னியே மூன்று நிறத்தில் வந்தது. எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் முடிவில் ஒரு மலை நின்றது. எங்கள் குடாநாட்டில் கோயில் கோபுரத்தையும் தண்ணீர்த் தாங்கியையும் விட்டால் அண்ணாந்து பார்க்க ஒன்றும் கிடையாது. மலைகள் என்னைச் சுற்றி உட்கார்ந்து விசாரிப்பதுபோல் இருந்தது.

திருச்செங்கோட்டுப் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் போனில் சத்தமாக ஹிந்தியில் பேசிக்கொண்டே வந்தார். எனக்கு அந்த மொழி தெரியாது. பேசி முடித்ததும் நான் கேட்காமலே மொழிபெயர்த்தார். ராஜஸ்தானில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி அவருடையது. கம்ப்ரஸர் சூடாகிறது, நிறுத்திவை, நான் வரும்வரை யாரும் கை வைக்காதீர்கள் என்று சொன்னாராம். எங்கள் ஊரில் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் முகம் தெரியும், வாளி விட்டு அள்ளுவோம் என்றேன். அதை அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. இங்கே ஆயிரம் அடி இறக்கியும் புகைதான் வருகிறது என்றார்.

நான் என்ன கொண்டுபோகிறேன் என்று கேட்டார். பளிங்கு என்றேன்.

"மார்பிளுங்களா? இத்தனூண்டு பையிலயா?"

படிகம் என்று திருத்தினேன். அவர் தலையாட்டினார். ஆனால் சற்று நேரம் என் பையையே பார்த்துக்கொண்டு வந்தார். படிகம் என்றதும் அவர் ஏதோ போதைப்பொருள் என்று நினைத்துவிட்டார் என்று எனக்குப் பயம். வேற்று நாட்டுக் கடவுச்சீட்டோடு வருகிறவளுக்கு இந்தப் பயம் தனியாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. கல்லூரிக் கடிதம் பையின் எந்த அறையில் இருக்கிறது என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

சங்ககிரிக்குக் கொஞ்சம் முன்னால் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கி வேலிகாத்தான் மரத்தடியில் ஒண்டினோம். மலைக்கோட்டை வெயிலில் வெளிறித் தெரிந்தது. அங்கே நின்றபோதுதான் போனில் கஜனின் குரல்பதிவு வந்து விழுந்தது. கஜன் எங்கள் ஆய்வுகூடத்தில் எனக்கு உதவியாக இருக்கும் இளைய விரிவுரையாளன்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. நீங்கள் கொண்டுபோன பளிங்கு வளர்த்த போத்தில், முந்தி நாங்கள் ஈய புரோமைட்டு கரைச்ச போத்தில். கழுவித்தான் வச்சனான். ஆனா அசிட் விட்டுக் கழுவினனானோ எண்டு இப்ப ஞாபகம் வரேல்லை."

மறுபடி போட்டுக் கேட்டேன். அதே வார்த்தைகள்தான்.

இதில் இரண்டு பயம் இருந்தது. ஈய புரோமைடிலிருந்து வளரும் பளிங்குகளும் ஏறக்குறைய இதே பச்சையில்தான் ஒளிரும். போத்தலில் ஈயம் மிஞ்சியிருந்தால், நான் மாங்கனீசின் ஒளி என்று கொண்டாடிக்கொண்டு வந்தது ஈயத்தின் ஒளியாக இருக்கலாம். அது என் மானத்தோடு போகும். இன்னொன்று அப்படிப் போகாது. அளப்பதற்கு முன் பளிங்கைக் கல்லுரலில் இட்டுப் பொடியாக்க வேண்டும். பொடி என்றால் தூசி. அரைக்கப் போகிறவர் சுகன்யா.

வண்டி சரியாகி, வெயிலில் காய்ந்த இருக்கைகளில் மறுபடி உட்கார்ந்து, திருச்செங்கோட்டில் இறங்கியது எதுவும் சரியாக நினைவில் இல்லை. மலைமேல் கோயில் இருந்தது. சாலையோரம் ரிக் லாரிகள் வரிசையாக நின்றன, மடக்கிய கைகளோடு. விருந்தினர் அறைக்குச் சமையல்கார அம்மா பள்ளிபாளையம் சிக்கன் கொண்டுவந்தார். மிளகாயும் தேங்காய்ச் சில்லும் போட்டு வதக்கியது. வாசனையே பசியைக் கிளப்பும். நான் இரண்டு வாய் சாப்பிட்டுத் தட்டைத் தள்ளினேன். காரமாயிருச்சுங்களா சாமி என்று அவர் வருந்தினார். ஆமாம் என்று பொய் சொன்னேன்.

பொழுது சாயும் நேரத்தில் கஜனைக் கூப்பிட்டேன். அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தான். மிஞ்சியிருந்தாலும் அணுவளவுதான் இருக்கும், கையுறையும் முகமூடியும் போட்டால் ஒன்றும் ஆகாது, அவர்களுக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்றான். அவன் சொன்னது கணக்குப்படி பெரும்பாலும் சரி. அதனால்தான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. சொல்லாமல் இருப்பதற்கு இத்தனை நல்ல காரணம் கையில் இருந்தது.

மறுநாள் காலை சுகன்யா வாசலிலேயே நின்று வரவேற்றார். என்னைவிட இளையவர். வயிற்றுக்கு மேல் வெள்ளை அங்கியின் பித்தான்கள் எட்டாமல் திறந்தே கிடந்தன. பஸ்ஸில் சிரமமாயிருந்ததா என்று கேட்டார். மதியத்துக்கு எனக்கும் சேர்த்து அரிசிம்பருப்புச் சாதம் கட்டிவந்திருப்பதாகச் சொன்னார். அவர் கணவர் பிரபு அவரைக் காரில் இறக்கிவிட்டு, பையை உள்ளே வைத்து, நாற்காலியின் முதுகில் ஒரு தலையணையைச் செருகிவிட்டுத்தான் நகர்ந்தார்.

கருவி ஓர் அறையை அடைத்துக்கொண்டு இருந்தது. சுகன்யா குப்பியை வாங்கி டார்ச் அடித்துப் பார்த்தார். முகம் முழுக்கப் பச்சையாயிற்று. ரொம்ப நாளைக்கு அப்புறம் பயமில்லாமல் ஒன்றைக் கையில் எடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே கையுறைப் பெட்டியை இழுத்தார். கல்லுரல் ஏற்கெனவே துடைத்துத் தயாராக இருந்தது.

"சுகன்யா, நான் ஒண்டு சொல்லோணும்" என்றேன்.

இந்த 'ஓணும்' எங்கள் ஊரிலும் இருக்கிறது, இவர்களிடமும் இருக்கிறது. வேறொரு நாளாக இருந்தால் அதைப் பற்றிப் பேசிச் சிரித்திருப்போம். போத்தலைப் பற்றிச் சொன்னேன். கஜனின் குரல்பதிவை அப்படியே போட்டுக் காட்டினேன்.

அவர் குப்பியை மேசையில் வைத்தார். கையுறைப் பெட்டியைத் தள்ளி வைத்தார். கை கழுவப் போனார். அதை முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"எப்பங்க தெரியும் உங்களுக்கு?"

நேற்று மத்தியானம் என்றேன்.

"அப்ப நேத்தே ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமுங்களே."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் அறையை விட்டு வெளியே போனார். நான் குப்பியை எடுத்துத் துடைத்து, பையில் வைத்து, அவர் கை பட்ட மேசையையும் ஈரத் தாளால் துடைத்தேன். மூடிய குப்பி, வெளியே ஒன்றும் வந்திருக்காது. இருந்தும் மறுபடி மறுபடி துடைத்தேன்.

நடைவழியில் பிரபு நின்றிருந்தார். சுகன்யா அவரைத் திரும்ப அழைத்திருக்க வேண்டும். என்னிடம் சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அவர் தண்ணீர் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டே தணிந்த குரலில் பேசினார்.

"ரெண்டு தடவை கலைஞ்சு போச்சுங்க. இதுதான் இத்தனை மாசம் தங்கியிருக்குது. அவ மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டான்னு தப்பா நெனைக்காதீங்க."

குப்பி இருந்த பையை அவர் பக்கமிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டேன்.

சிறிது நேரத்தில் சுகன்யாவே வந்தார். முகம் கழுவியிருந்தார். இன்றைக்கு அரைக்க வேண்டாம் என்றார். பிறகு ஒரு வழி சொன்னார். அவருடைய மாமன் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். வெள்ளியில் என்னென்ன கலந்திருக்கிறது என்று எக்ஸ்ரே கருவியில் பார்த்துச் சொல்லும் கடை அங்கே உண்டு. ஈயம் இருந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

"நாளைக்குப் பொழுது சாயற வரைக்கும் இங்கதான் இருப்பேனுங்க. அப்பறம் லீவு. பாத்துட்டு வந்துருங்க."

கட்டிவந்த சாதத்தில் பாதியை ஒரு டப்பாவில் போட்டு என் கையில் கொடுத்தார். அந்த நிலையிலும் அதை மறக்கவில்லை. வாங்கும்போது அவர் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

பதற்றத்தில் ஏறிய பேருந்து தவறான பேருந்து. பலகையில் சேலம் என்றும் ஈரோடு என்றும் இரண்டு பெயரும் இருந்தன. அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை. டப்பாவைத் திறந்து, பூண்டும் பருப்பும் மணக்கும் சாதத்தைக் கையால் அள்ளித் தின்றுகொண்டிருந்தபோது நடத்துநர் வந்தார். சேலம் என்றேன். சேலம் அக்கட்டால இருக்குதுங்க, இது ஈரோடு போகுது என்றார். நான் எழுந்து நிற்பதற்குள் வண்டி பாலத்தில் ஏறிவிட்டது. கீழே காவிரி.

எங்கள் குடாநாட்டில் ஆறு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுதான் உண்டு. மழைக்காலம் போனால் அதுவும் மறைந்துவிடும். இங்கே இக்கரையிலிருந்து அக்கரைவரை தண்ணீர் அகலமாக நகர்ந்துகொண்டிருந்தது. வாழ்நாளில் முதல்முறையாகக் காவிரியைப் பார்க்கிறேன், வாயில் சோறு, கையில் டப்பா, மனத்தில் கடை மூடிவிடுவார்களே என்ற ஒரே எண்ணம். பாலம் முடிந்த பிறகுதான் அதைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது உறைத்தது.

ஈரோட்டிலிருந்து வேறு வண்டி பிடித்துச் சேலம் வந்து, ஆட்டோவில் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது சோதனைக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். கருவியை அணைத்தாயிற்று, காலையில் வாருங்கள் என்றார்கள். தூறல் போட்டது. அருகில் ஒரு விடுதியில் அறை எடுத்துவிட்டு, தெருமுனைத் தள்ளுவண்டியில் தட்டுவடை செட் வாங்கினேன். இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட், காரட் துருவலும் சட்னியும் வைத்துத் தருகிறார்கள். கடித்தால் நொறுங்கிக் கையெல்லாம் வழிகிறது. கடைக்காரர் எந்த ஊரென்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றதும் கைக்குட்டை போதாது என்று ஒரு தாளைக் கிழித்துத் தந்தார். அங்கெல்லாம் இப்போது நிம்மதியா என்றார். நிம்மதிதான் என்றேன். அந்தக் கேள்விக்கு வெளியூர்களில் நான் சொல்லும் பதில் அது.

அறையில் குப்பியைப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு பளிங்கின் பச்சை மங்கியிருந்தது. மழை ஈரம் மூடி வழியே நுழைகிறது. ஈரம் உறிஞ்சும் மணிகளைப் புதிதாக மாற்றி, மூடியைச் சுற்றி நாடா ஒட்டி, குப்பியைத் துணிக்குள் சுற்றித் தலைமாட்டில் வைத்தேன்.

மூன்றாம் நாள் காலை கடை திறக்குமுன்பே வாசலில் நின்றேன். எனக்கு முன்னால் கொலுசுப் பட்டறை ஆட்கள் வெள்ளித் துண்டுகளைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டு நின்றார்கள். என் முறை வந்ததும் கடைக்காரர் குப்பியைப் பார்த்து, தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். வெள்ளி, தங்கம் தவிர வேறெதுவும் இந்தக் கருவிக்குள் போனதில்லை, ஆசிட் கீசிட் சிந்தினால் யார் பதில் சொல்வது என்றார். அவர் கேட்டது நியாயம். சுகன்யா தந்திருந்த எண்ணில் அவருடைய மாமனுக்குப் போன் போட்டேன். அவர் கடைக்காரரிடம் நெடுநேரம் பேசினார். கடைசியில் பளிங்கை மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, உறையோடு உள்ளே வைப்பதென்று கடைக்காரர் ஒப்புக்கொண்டார்.

மூடி இறங்கியது. திரையில் கருவியின் உள்ளே இருக்கும் சின்னக் கேமரா பளிங்கைக் காட்டியது. எக்ஸ்ரே ஓடுகிறது என்று காட்டும் விளக்கு எரிந்தது. பளிங்கின் நடுவில் ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தது. எனக்கு முதலில் புரியவில்லை. உள்விளக்கை அணைக்க முடியுமா என்று கேட்டேன். அணைத்தார். கறுத்த திரையின் நடுவில் பளிங்கு தானாக ஒளிர்ந்தது. எக்ஸ்ரே கதிரை வாங்கிப் பச்சையாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. இதைச் செய்யும் என்று கட்டுரைகளில் படித்திருக்கிறேன். எங்களிடம் பார்க்க வழி இருந்ததில்லை. பட்டறை ஆட்கள் வெள்ளியை மறந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். ஒருவர், வைரமுங்களா என்று மெதுவாகக் கேட்டார்.

பிறகு முடிவு வந்தது. உலோகங்களின் பெயர்கள் வரிசையாக விழுந்தன. மாங்கனீசு இருந்தது. ஈயத்துக்கு நேரேயும் ஓர் எண் இருந்தது. சிறிய எண் அல்ல.

சுவரோரம் இருந்த முக்காலியில் உட்கார்ந்தேன். ஒரு கணம் சுகன்யாவின் விரல்கள் அந்தக் குப்பியைப் பிடித்திருந்ததுதான் கண்முன் நின்றது. கடைக்காரர் ஒரு டம்ளர் தண்ணீர் தந்தார். குடித்த பிறகுதான் மூளை வேலை செய்தது. எண்ணை விடுங்கள், கருவி வரைந்த வரைபடத்தைக் காட்டுங்கள் என்று கேட்டேன். அவர் வேறொரு பக்கத்தைத் திறந்தார்.

எக்ஸ்ரே பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய இடத்தில் ஒரு கூம்பாக எழும். ஈயத்துக்கு இரண்டு கூம்பு உண்டு. இருந்தால் இரண்டும் இருக்க வேண்டும். என் பளிங்கில் புரோமின் ஏராளம். அதன் கூம்பு ஈயத்தின் இரண்டாவது கூம்புக்கு ஒட்டினாற்போல எழும். நகைக்காகச் செய்த இந்தக் கருவிக்குப் புரோமின் என்று ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்தவற்றுக்குள் தேடி, அந்தக் கூம்பை ஈயத்தின் கணக்கில் எழுதிவிட்டது. ஈயத்தின் முதல் கூம்பு நிற்க வேண்டிய இடத்தில் விரலை வைத்தேன். அங்கே தரைமட்டமாகக் கோடு போனது. நம்பிக்கை வராமல், நகை பற்றவைக்கிற, ஈயம் கலந்த பழைய பற்றுத் துண்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். பட்டறைக்காரர் ஒருவர் பைக்குள்ளிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதை வைத்ததும் இரண்டு கூம்பும் பக்கத்துப் பக்கத்தில் எழுந்தன. என் பளிங்கை மறுபடி வைத்தோம். முதல் இடம் காலி.

கடைக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இந்தக் கருவியின் கண்ணுக்கு எட்டாத அளவு ஈயம் இருக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும்.

திரும்பும் வண்டியில் நின்றுகொண்டே வந்தேன். நாமக்கல் முட்டை ஏற்றிய ஒரு லாரி எங்களுக்கு முன்னால் வேகத்தடைகளில் எல்லாம் நின்று, யோசித்து, ஏறி இறங்கியது. ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தியும் பயனில்லை. உடையக்கூடியதைக் கொண்டுபோகிறவருக்கு வேறு வழி கிடையாது என்று எனக்குத் தெரியாதா. இருந்தும் மனத்துக்குள் அந்த லாரியைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

சுகன்யா மேசையைக் காலிசெய்துகொண்டிருந்தார். போனில் படம் பிடித்து வந்த வரைபடங்களைக் காட்டினேன். கருவி ஈயம் என்று எழுதியதையும் மறைக்காமல் காட்டினேன். அவர் அவற்றை விரித்து விரித்துப் பார்த்தார். முதல் கூம்பின் இடத்தில் அவர் விரலும் நின்றது. இதற்குக் கீழே கொஞ்சம் இருந்தால் தெரியாது, இல்லையா என்றார். தெரியாது என்றேன்.

அவர் போனைத் திருப்பித் தந்தார்.

"நீங்க என்ற எடத்துல இருந்தா, இந்த ரூமுக்குள்ள இருப்பீங்களாங்க?"

அந்தக் கேள்விக்கு நல்ல பதில் ஒன்று சொன்னால் வேலை முடிந்துவிடும். அதுதான் என்னைத் தடுத்தது. அளந்த முடிவோடு வீட்டுக்குப் போக வேண்டும் என்ற ஆசையை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு யோசித்துப் பார்த்தேன்.

"இருப்பன். ஆனா அரைக்கிற நேரம் இருக்கமாட்டன். தொடவும் மாட்டன்."

அவர் தலையாட்டினார். பிரபுவைக் கூப்பிட்டுத் தன் நாற்காலியை வெளியே போடச் சொன்னார். நான் முகமூடியும் இரட்டைக் கையுறையும் போட்டுக்கொண்டு, காற்று உறிஞ்சும் கூண்டுக்குள் பளிங்கை அரைத்தேன். கண்ணாடிக் கதவுக்கு அப்பாலிருந்து அவர் சைகையால் வழி சொன்னார். இன்னும் மெல்லிசாக, போதும், அந்தக் கிண்ணத்தில், மூடியைத் திருகு. எல்லாவற்றையும் துடைத்து, கையுறைகளை முடிச்சுப் போட்ட பின்தான் அவர் உள்ளே வந்து கணினிக்கு முன் உட்கார்ந்தார்.

ஒளியை விட்டு, நிறுத்தி, பச்சை எப்படி அணைகிறது என்று பார்க்கும் சோதனை அது. ஈயத்தின் ஒளி என்றால் பார்க்கத் தொடங்குமுன்பே அணைந்துவிடும். மாங்கனீசு சோம்பேறி, பல ஆயிரம் மடங்கு மெதுவாகத்தான் விடும். திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. தொடக்கத்தில் செங்குத்தாக ஒரு சரிவு இருந்தால் அது ஈயம். நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது சுகன்யா சட்டென்று மேசையைப் பற்றிக் குனிந்தார்.

பிரபுவைக் கூப்பிடவா என்றேன். அவர் கையால் பொறு என்று காட்டினார். மூச்சை மெல்ல விட்டார். பிள்ளை உதைக்கிறது, விலா எலும்பில் உதைக்கிறது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே சொன்னார். நான் திரையைப் பார்க்க மறந்து அவர் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்தான் என் கையைத் தட்டித் திரையைக் காட்டினார்.

புள்ளிகள் ஒரே கோடாக, மெதுவாக, ஒரே சாய்வில் இறங்கிக்கொண்டிருந்தன. தொடக்கத்தில் சரிவு எதுவும் இல்லை. ஒளி முழுவதும் ஒரே இடத்திலிருந்து வருகிறது, மாங்கனீசிலிருந்து. வாங்கிய ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பித் தருவதும் அடுத்த சோதனையில் தெரிந்தது. சுகன்யா அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். நான் அழுதேன். அது அந்தக் கோட்டுக்காக மட்டும் என்று சொல்ல முடியாது.

மறுநாள் சேலம் வண்டிக்குப் பிரபு என்னைக் கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் அவர் மழையைப் பற்றித்தான் பேசினார்.

யாழ்ப்பாணம் திரும்பிச் சில வாரங்கள் ஒரு செய்தியும் இல்லை. நான் கேட்கத் துணியவில்லை. தினமும் ஆய்வுகூடக் கதவைத் திறக்கும்போது அந்த மூடிய குப்பியை அவர் பிடித்திருந்த கை நினைவுக்கு வரும்.

பிறகு ஒரு முற்பகல், வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது, ஒரு படமும் குரல்பதிவும் வந்தன. படத்தில் கண்ணைத் துணியால் கட்டிய ஒரு குழந்தை, நீல வெளிச்சத்துக்கு அடியில் கையை விரித்துப் படுத்திருந்தது. மரத்தடிக்குப் போய் நின்று குரலைப் போட்டேன்.

"கொஞ்சம் வெரசாவே பொறந்துட்டாளுங்க. மஞ்சக்காமாலைன்னு லைட்டுல வெச்சிருக்காங்க. கொறைஞ்சிருச்சுங்க, நாளைக்கு ஊட்டுக்குப் போலாம்னுட்டாங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்கறமுங்க."

அவர் பேசி முடித்த பிறகும் பதிவு சற்று ஓடியது. அணைக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. குழந்தை பெருங்குரலெடுத்து அழுதது. எவரோ சிரித்தார்கள். நான் முன்பகுதியை விட்டுவிட்டு, அந்த அழுகையை மட்டும் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டு நின்றேன்.